தன் பெயரைச் சொல்லாத கார்டு

எந்த ஊரிலிருந்து, யார் வீட்டுக் கணினியிலிருந்து வந்தாலும் சரி, கிராபிக்ஸ் கார்டு முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒத்தாசை அதற்கு வேலை கொடுக்கும். பெயர் தெரிந்தால் போதும். அது எவ்வளவு பலசாலி, எத்தனை சுமை தாங்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெரிய கார்டுக்குப் பெரிய வேலை, சின்னக் கார்டுக்குச் சின்ன வேலை. இந்தப் பொருத்தம் பார்ப்பதுதான் பிரதீபாவின் உத்தியோகம். கல்யாணத் தரகர் மாதிரி என்று அவளுடைய அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். வருமானம் தரகரைவிடக் குறைச்சல் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒத்தாசை என்பது அமைப்பின் பெயர். சிங்காநல்லூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பால்கனி, நினைத்தால் ஓடும் நினைத்தால் நிற்கும் ஒரு ஏ.சி. ஆபீஸ் அவ்வளவுதான். ஆனால் அதன் பின்னால் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் இருந்தன. கேம் விளையாடுகிற பையன்களுடையது, பனியன் கம்பெனிக்கு டிசைன் போடுகிறவர்களுடையது, வீட்டுக்குப் பிளான் வரைகிறவர்களுடையது. சொந்த வேலை இல்லாத நேரத்தில் அந்தக் கார்டுகள் ஒத்தாசைக்கு உழைக்கும். யாருக்கும் ஒரு பைசா கிடையாது. அதிகம் உழைத்த கார்டின் பெயர் பலகையில் மேலே வரும். அதற்காக ராத்திரி பகலாக மின்சாரத்தை எரித்துவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

எல்லாம் கோணல் நோய்க்காக. ஜனங்கள் வைத்த பெயர் அது. உடம்புக்குள் இருக்கிற ஏதோ ஒரு புரதம், மடிய வேண்டிய மாதிரி மடியாமல் கோணிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான் வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு கோணல் என்பதால், அதை நிமிர்த்துகிற மருந்தையும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகத் தேட வேண்டும். அந்தத் தேடலைக் கணினியில்தான் செய்ய முடியும். அவ்வளவு பெரிய கணினியை வாடகைக்கு எடுக்க எந்த ஆஸ்பத்திரியாலும் முடியவில்லை. அதனால்தான் ஊர் கூடி இழுக்கிற தேர் மாதிரி இந்த ஏற்பாடு.

கார்டுகளை நான்கு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஆபீஸில் அவற்றுக்கு அண்டா, குண்டா, சொம்பு, தம்ளர் என்று செல்லப்பெயர். அண்டாவில் செய்ய வேண்டியதைச் சொம்பில் செய்தால் நாள்கணக்கில் இழுக்கும். சொம்பு வேலையை அண்டாவுக்குக் கொடுத்தால் அதன் பலத்தில் முக்கால்வாசி தூங்கும். இரண்டுமே நஷ்டம் என்று பிரதீபா எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவளே கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு மனசு சொன்னதைக் கேட்டாள். அதற்குக் குடும்ப உரிமை என்று பெயர். நோயாளிக் குழந்தையின் வீட்டில் தகுதியான கார்டு இருந்தால், அந்தக் குழந்தையின் வேலை முதலில் அந்த வீட்டுக் கார்டுக்கே போக வேண்டும். பெற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் தங்கள் குழந்தைக்காகத் தாங்களும் ஏதோ செய்கிறோம் என்று இருக்கட்டுமே என்று அவள் வாதாடினாள். "கார்டுக்குப் பாசம் தெரியாது, பிரதீபா" என்றார் டாக்டர் ஜெபராஜ். அவர்தான் அமைப்பின் தலைவர். "பெத்தவங்களுக்குத் தெரியும் சார்" என்று அவள் சொன்னதும் கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். விதி நிறைவேறிவிட்டது.

லோகநாதன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சீர் என்று எல்லா விசேஷத்துக்கும் வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிற ஸ்டுடியோ வைத்திருந்தார். கையில் பழைய துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அவருக்குப் பின்னால் படியேறி வந்த பெண் உள்ளே வரவில்லை. வெளியே செருப்பு விடுகிற இடத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ர சம்சாரங்க, சுமதி. அவ வரமாட்டா, இருக்கட்டும்" என்றார். "மேடம், நான் தன்ஷிகா அப்பாங்க."

பிரதீபா எழுந்தே விட்டாள். பலகையில் அந்தப் பெயரில்தான் அவர் பதிந்திருந்தார். ஒன்பது வயதுக் குழந்தை. போன மாதம் இறந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்த அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. மருந்துக்கான விடை வந்தது அதற்கு அடுத்த வாரம்.

"உக்காருங்கண்ணா" என்றாள்.

லோகநாதன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "இது அந்தக் கார்டுங்க. என்ர மகளுக்காக ஓடுனது. இனி இதுல கல்யாண வீடியோ எடிட் பண்ண எனக்குக் கை வரலீங்க. நீங்களே வெச்சுக்குங்க. வேற கொழந்தைங்களுக்கு ஓடட்டும்."

"கண்டிப்பா வெச்சுக்கறங்கண்ணா."

"அப்பறம் ஒரு ஒத்தாசை." அவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ எங்கூடப் பேசறதில்லீங்க. பாப்பா போனப்ப எல்லாம் எம்மேல சாஞ்சு சாஞ்சு அழுதா, பேசுனா. ஆஸ்பத்திரில பாப்பா பை ஒண்ணு கெடந்துச்சு, தண்ணி பாட்டில், கலர் பென்சில் டப்பா எல்லாம். அத எடுத்துட்டு வர்றேன்னு தனியா போனா பாருங்க, வந்ததுல இருந்து ஒரு வார்த்த இல்ல. சோறு போடுவா, துணி தொவைப்பா. வாயத் தொறக்க மாட்டா."

"துக்கம்ண்ணா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

"இல்லீங்க. எம்மேல கோவம். எனக்குத் தெரியும்." அவர் துண்டின் முடிச்சைத் தடவிக்கொண்டே பேசினார். "முகூர்த்த சீசன்லயே வேலைய எல்லாம் நிறுத்திப்போட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ள வீட்டுக்காரங்கன்னு வந்து கத்திட்டுப் போனாங்க. ஒண்ணையும் காதுல வாங்கல. அந்த மிஷினப் பொட்டியத் தொறந்து வெச்சுட்டு அதும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பாப்பா அந்த ரூம்ல, நான் இந்த ரூம்ல. கதை சொல்லுங்கப்பான்னு கூப்புடுவா. இருடா கண்ணு, அப்பா உனக்காவத்தான் பாத்துட்டு இருக்கறேன்னு சொல்லுவேன். ஒரு நாள் அவளே அவ ரூம் டேபிள் ஃபேனக் குடுத்து அனுப்புனா. அதுக்கு வேர்க்கும்ப்பா, இத வெச்சுக்குங்கன்னு."

பிரதீபா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"அந்த நேரமெல்லாம் பாப்பாகூட இருந்திருக்கலாம்னு சுமதிக்குத் தோணுது. அதாங்க கோவம். நீங்க ஒரு வார்த்த அவகிட்டச் சொன்னாப் போதும். உங்க வீட்டுக்காரர் சும்மா உக்காந்திருக்கல, அந்தக் கார்டு பாப்பாவுக்கு நெசமாலுமே ஒழைச்சுதுன்னு. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க ஆபீஸ்ல இருக்கறவங்க."

இது என்ன பெரிய விஷயம் என்றுதான் பிரதீபா நினைத்தாள். "பாத்துச் சொல்றங்கண்ணா" என்று அவருடைய பெயரைத் திரையில் தட்டினாள். தன்ஷிகாவுக்குக் கிடைத்தது அண்டா வகுப்பு வேலை. புரதம் அவ்வளவு பெரியது. லோகநாதனின் கார்டும் அண்டா என்றே பதிவாகியிருந்தது. குடும்ப உரிமைப்படி அந்தக் குழந்தையின் வேலை முழுக்க அந்த ஒரே கார்டுக்குப் போயிருந்தது. எல்லாம் விதிப்படி சரியாகத்தான் தெரிந்தது. அவள் பேசிக்கொண்டே துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே இருந்தது அண்டா இல்லை.

கார்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண் அவளுடையது. ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டு. பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தாலும் பெயர் நன்றாகத் தெரிந்தது. சொம்பு வகுப்பு. அதிலும் பழைய சொம்பு. திரையில் இருக்கிற பெயர் வேறு, கையில் இருக்கிற கார்டு வேறு.

இன்னொரு பட்டனைத் தட்டினாள். ஒவ்வொரு துண்டு வேலையும் எப்போது போனது, எப்போது திரும்பி வந்தது என்று வரிசையாக வந்தது. ஒரு நாளில் வர வேண்டியது ஐந்து நாள், ஆறு நாள் கழித்து வந்திருந்தது. முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரைக்கும் அப்படித்தான்.

"என்னங்க மேடம்? ஒழைச்சிருக்குதுங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தாள். போன மாதம் குழந்தையைப் பறிகொடுத்த மனுஷன். மனைவி பேசாமல் ஒரு வீட்டுக்குள் இருக்கிறவர். இவரிடம் போய் எந்த வாயால் சொல்வது? போன குழந்தை போய்விட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"நல்லா ஒழைச்சிருக்குதுண்ணா" என்றாள். "பாப்பாவோட எல்லாத் துண்டையும் உங்க கார்டுதான் முடிச்சிருக்கு. ஒண்ணுகூட வேற யாருக்கும் போகல."

சொன்னது அத்தனையும் உண்மைதான். அதுதான் அவளுக்கு இன்னும் கூசியது.

லோகநாதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்தபோது, வந்ததிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"அப்ப நான் பேர மாத்துனது வீண்போகலீங்க."

பிரதீபா கார்டைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, இனி நீங்க திட்டுனாலும் பரவால்ல. மொதல்ல என்ர கார்டப் பாத்துட்டு உங்க சிஸ்டம் 'பொருத்தமில்லை'ன்னு சொல்லிப்போடுச்சு. என்ர புள்ளைக்கு என்ர கார்டு பொருத்தமில்லையான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. நெட்டுல தேடித் தேடி, அது பேர் சொல்ற எடத்துல ஒரே ஒரு வரிய மாத்துனேன். பெரிய கார்டு பேரப் போட்டேன். அன்னிக்கே பாப்பா வேலை வந்துருச்சு! எனக்கு உசிரே வந்தாப்புல இருந்துச்சுங்க."

"அண்ணா..."

"இன்னும் கேளுங்க. பெத்தவங்க க்ரூப்பு ஒண்ணு இருக்குது. அங்க நாலு பேருக்கு இதச் சொல்லிக் குடுத்திருக்கறேன். கரூர்ல ஒரு பையன், அஞ்சு வயசு, துடியா இருப்பான். அவங்கம்மா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்குது, பாவம். அவங்க கார்டும் பொருத்தமில்லைன்னு வந்துச்சு. நாந்தான் ஃபோன்லயே உக்காந்து மாத்திக் குடுத்தேன். இப்ப ஓடிட்டு இருக்குது. இந்த விஷயத்த நீங்க சுமதிகிட்டச் சொன்னீங்கன்னா அவளுக்கும் மனசு ஆறும். என்ர மகளுக்கு ஆகலீன்னாலும் இன்னொரு கொழந்தைக்கு ஆச்சேன்னு."

அவர் வாசலை நோக்கி எழுந்தார். மனைவியைக் கூப்பிடப் போகிறார்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்ன ஆறுதல் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று பிரதீபா நினைத்துப் பார்க்கவில்லை. சும்மா இருந்தால் இந்த மனுஷன் நிம்மதியாகப் போவார். கரூர்ப் பையனின் துண்டு ஒரு ஜெராக்ஸ் கடைக் கார்டில் ஆறு நாள் கிடக்கும். அடுத்த துண்டும் கிடக்கும். சொன்னால் இவர் என்ன ஆவார் என்று தெரியாது. ஆனால் அந்த அம்மாக்களும் அப்பாக்களும் ஆபீஸ் சொன்னால் கேட்க மாட்டார்கள். பொருத்தமில்லை என்று சொல்லி ஒரு தடவை அவர்களைத் துரத்திய ஆபீஸ் இது. அவர்கள் கேட்பதென்றால் இவர் சொன்னால்தான் கேட்பார்கள்.

"அண்ணா, செத்த உக்காருங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் முழுசாச் சொல்லல."

அவர் உட்கார்ந்தார்.

"பாப்பாவோட வேலை துண்டு துண்டா வந்துச்சில்லீங்களா? அதை ஒரே நேரத்துல பத்துப் பேருக்குப் பிரிச்சுக் குடுக்க முடியாதுண்ணா. மொதல் துண்டு முடிஞ்சு, அந்த விடைய வெச்சுத்தான் ரெண்டாவது ஆரம்பிக்கும். ஒண்ணு லேட் ஆனா அதுக்குப் பின்னால எல்லாமே லேட் ஆகும்."

"தெரியுங்க. க்ரூப்புல சொல்லியிருக்காங்க."

"ஒரு துண்டு முடிய உங்க கார்டு எத்தனை நாள் எடுத்துச்சு?"

"அஞ்சு நாளுங்க. சில வாட்டி ஆறு. பெரிய வேலையில்லீங்களா, எல்லாருக்கும் அவ்வளவு ஆகும்னு..." அங்கேயே அவர் பேச்சு நின்றது.

பிரதீபா காத்திருந்தாள். அவராகவே கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"பெரிய கார்டு எத்தனை நாளுங்க எடுக்கும்?"

"ஒரு நாள்."

கீழே பேட்டரிக் கடையில் யாரோ ஒரு ஆட்டோவை ஸ்டார்ட் செய்து செய்து பார்த்தார்கள். அது பிடிக்கவில்லை.

"உங்க சிஸ்டம் கேட்டிருக்கோணுமில்லீங்களா?" என்றார் லோகநாதன். குரலில் கோபம்கூட இல்லை. "ஏன் இத்தன நாளாகுதுன்னு?"

"கேக்கலண்ணா. கரண்ட் போகும், நெட் போகும்னு நாங்க ஏழு நாள் கெடு வெச்சிருந்தோம். அதுக்குள்ள வந்துட்டா அது ஒண்ணும் கேக்காது. நீங்க ஒவ்வொரு தடவையும் கெடுவுக்குள்ளயே குடுத்துட்டீங்க."

"ஆமாங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் போட்டேன். ஒரு வாட்டிகூடத் தவறல." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கணம் பழைய பெருமை எட்டிப்பார்த்து மறைந்தது. "பெரிய கார்டு வெச்சிருந்தவங்க எல்லாம் அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"உங்ககிட்ட இருக்கற வேலைய வேற யாருக்கும் குடுக்க முடியாதுண்ணா. குடும்ப உரிமைன்னு ஒரு விதி இருக்கு. அந்த விதிய எழுதுனது நாந்தான்." அவள் அழக்கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. "உங்கள மாதிரி இருக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு எழுதுனேன்."

லோகநாதன் மேசைமேல் இருந்த கார்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் விசிறியில் பஞ்சு மாதிரி தூசி படிந்திருந்தது. விரலால் அதை மெல்லத் துடைத்தார்.

"கல்யாணப் பந்தி காத்துட்டு இருக்குது" என்றார். "உள்ள பெரிய அடுப்பும் அண்டாவும் சும்மா கெடக்குது. நானே ஆக்கிப் போடறேன்னு நான் சொம்புல சோறாக்கிட்டு இருந்திருக்கறேன்."

"வேகமா விடை வந்திருந்தாலும் மருந்து கேட்டிருக்குமான்னு டாக்டருக்கே தெரியாதுண்ணா. சத்தியமாத் தெரியாது."

"ஆனா விடை வந்திருக்கும். பாப்பா இருக்கறப்பவே வந்திருக்கும்."

"ஆமாண்ணா."

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். க்ரூப்பைத் திறந்தார். பிறகு ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டார். "அந்தக் கரூர்ப் பையன்..." என்று ஆரம்பித்துவிட்டு எழுந்தார். "மொதல்ல அவகிட்டச் சொல்லோணும். அவளுக்குத் தெரியாம ஊருக்குச் சொன்னா நல்லா இருக்காது. அதுக்கப்பறம் அவ எம்மூஞ்சில முழிக்காட்டியும் சரி."

அவர் வெளியே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் பிரதீபாவின் கண் அங்கேயே போயிற்று. லோகநாதன் பெஞ்சில் உட்காரவில்லை. மனைவிக்கு எதிரே தரையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். கார்டு என்றார், பேர் என்றார், அஞ்சு நாள் என்றார். மற்றது கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அடிக்கு முதுகைக் கொடுக்கிறவர் மாதிரி அப்படியே குனிந்திருந்தார்.

சுமதி வாயைத் திறந்தாள்.

"தெரியுங்க மாமா."

லோகநாதன் நிமிர்ந்தார்.

"பை எடுக்கப் போனன்ல, அன்னிக்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, துண்டு வந்த தேதியெல்லாம் பாத்துட்டுச் சொன்னாங்க. எங்கயோ ஒரு சின்ன மிஷினு பெரிய மிஷின்னு பொய் சொல்லி பாப்பா வேலைய வாங்கி வெச்சுட்டு இழுத்துருக்கோணும், எந்தப் பாவின்னு தெரியலீன்னு. அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க பேர மாத்துனப்ப நாந்தான பக்கத்துல காப்பி வெச்சுட்டு நின்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை நாள் பேசாத வாய். "ஒண்ணு பேசுனா இதும் வந்துருமோன்னு பயந்துட்டு ஒண்ணுமே பேசல. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க. பாப்பாவும் போயி நீங்களும் போயிட்டா நான் என்ன பண்றது?"

அந்த மனுஷன் அப்போது அழுத அழுகையைப் பிரதீபா அதற்கு முன்னால் எந்த ஆணிடமும் கேட்டதில்லை. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர்கள் உள்ளே வந்தபோது லோகநாதனின் கையைச் சுமதி பிடித்திருந்தாள். நேரே மேசைக்கு வந்து அவருடைய ஃபோனை எடுத்தாள். "நான் பேசறனுங்க. நீங்க பேசுனா எல்லாம் உங்களத்தான் திட்டுவாங்க" என்றாள். அவர் தடுத்தார். அவள் கேட்கவில்லை. க்ரூப்பில் குரல் செய்தியாகவே பேசினாள். அவளுக்கு எழுதிப் பழக்கமில்லை.

"நான் தன்ஷிகா அம்மா பேசறனுங்க. நாங்க ஒரு தப்புப் பண்ணிப்போட்டோம். எங்க பாப்பாவுக்கு நாங்களே செய்யோணும்னு ஆசைப்பட்டு, சின்னக் கார்டுக்குப் பெரிய கார்டு பேர வெச்சு ஓட்டுனோம். அதனால பாப்பாவுக்கு விடை நேரத்துக்கு வரல. எங்க வீட்டுக்காரர் சொன்னாருன்னு உங்கள்ல யாராச்சும் மாத்தியிருந்தா தயவுபண்ணி இப்பவே திருப்பி மாத்திருங்க. உங்க கொழந்த வேலைய வேற யாராச்சும் செய்யட்டும். உங்க கார்டு வேற யாரு கொழந்தைக்காச்சும் செய்யட்டும். யாரு செஞ்சா என்னங்க, கொழந்த இருந்தாப் போதுமுங்க."

விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது.

பிரதீபா திரையைத் திருப்பி வைத்தாள். அண்டா வகுப்பில் எத்தனை கார்டு இருக்கிறது என்று மூலையில் ஓர் எண் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் நமக்கு வலு போதும் என்று டாக்டர் ஜெபராஜ் கூட்டங்களில் சொல்வார். முதலில் அந்த எண்ணில் ஒன்று குறைந்தது. கரூராக இருக்கும் என்று லோகநாதன் சொன்னார். பிறகு ஒன்று. கொஞ்ச நேரத்தில் நான்கும் குறைந்துவிட்டன.

அது நான்கோடு நிற்கவில்லை. லோகநாதன் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு நாலு பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் தானாகவே அந்தப் புத்தி தோன்றியிருக்க வேண்டும். எண் சரசரவென்று இறங்கிக்கொண்டே போயிற்று. சேலம், தேனி, நாகப்பட்டினம், பல்லடம். அண்டா என்று அவள் நம்பி வேலை கொடுத்த கார்டுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு கீழ் வகுப்புக்கு வந்தன. கடைசியில் அந்த வகுப்பில் மிஞ்சியது மிகவும் கொஞ்சம். இத்தனை நாள் அவள் பார்த்த பொருத்தமெல்லாம் பாதிக்கு மேல் பொய்ப் பெயருக்குப் பார்த்த பொருத்தம். ஒவ்வொரு பொய்க்குப் பின்னாலும் ஒரு குழந்தை இருந்தது.

பிரதீபா டாக்டர் ஜெபராஜுக்கு ஃபோன் செய்தாள். குடும்ப உரிமையை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, நேரில் வாருங்கள் சார் என்று வைத்துவிட்டாள். பெரிய கார்டுகளுக்கு எங்கே போவது என்பது வேறு கவலை. இருப்பது எவ்வளவு என்று இப்போதாவது தெரிந்தது.

"இதையும் மாட்டிருங்க மேடம்" என்றார் லோகநாதன், மேசைமேல் இருந்த கார்டைக் காட்டி. "அதும் பேரையே சொல்லட்டும்."

ஆபீஸில் ஒரு கணினி சும்மா இருந்தது. பிரதீபா அதைத் திறந்து கார்டைப் பொருத்தி, தன்ஷிகா அப்பா என்ற அவருடைய பழைய பதிவிலேயே சேர்த்தாள். கார்டு தன் பெயரைச் சொன்னது. சொம்பு வகுப்பு, பொருத்தம் உண்டு என்று வந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு குழந்தையின் சின்னப் புரதம் ஒன்று, அதற்கென்றே காத்திருந்த மாதிரி உடனே வந்து சேர்ந்தது.

"யாரு கொழந்தைங்க?" என்று லோகநாதன் கேட்டார்.

"சொல்லக் கூடாதுண்ணா."

"சரிங்க."

கீழ்க் கடையிலிருந்து டீ வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். விசிறி சின்னச் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. சுமதியின் கண் திரையில் ஏறிக்கொண்டிருந்த சதவீதத்தின் மேலேயே இருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த சதவீதம். தினமும் சாயங்காலம் குழந்தை கட்டிலில் இருந்தபடியே எத்தனை ஆச்சுப்பா என்று கேட்டிருக்கும்.

டீ முடிவதற்குள் நூறு வந்துவிட்டது. வேலை முடிந்தது, விடை போயிற்று, நன்றி தன்ஷிகா அப்பா என்று ஒரு வரி வந்தது. கார்டு அடுத்த துண்டுக்குக் கையை நீட்டியது.

சுமதி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க மாமா," என்று கணவனைக் கேட்டாள், "இது இத்தன சீக்கிரமா ஓடுமுங்களா?"

லோகநாதன் கையை நீட்டி, கார்டின் பக்கத்தில் காற்று வருகிற இடத்தில் வைத்துக்கொண்டார்.